கயிறு குசேராவின் பை

என் முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கயிறு குசேரா’ என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக நேஷனல் கார்டு என்கிற மாநிலப் படையில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் கோடையில் இரண்டு வாரமும் நான் சார்ஜென்ட். மற்ற நாளெல்லாம் நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்குக்கு லாரி ஓட்டுகிறவன். என் பிரிவில் முப்பத்தொரு பேர், எல்லோரும் என்னைப் போல அரைநேரச் சிப்பாய்கள்தான். முடி வெட்டுகிறவன் இருக்கிறான், இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் இருக்கிறான், பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவே கிடையாது. சீருடை போட்டால் கல்லூரிக் கட்டணத்தை மாநிலம் கட்டிவிடும். தேசபக்தி அப்புறம் வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகட்டும், நான் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

நான் கேட்பதெல்லாம் கயிறு. திசைகாட்டி, கத்தி, இரவுக்கண்ணாடி, எதுவானாலும் பச்சைக் கயிற்றால் உடம்போடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். கீழே விழுந்தால் கயிற்றில் தொங்கும். அந்த முடிச்சை நானே ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். தானாக அவிழாது, அவிழ்க்கத் தெரிந்தவன் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட இரவுக்கண்ணாடிக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். உள்ளங்கை அளவு கருவி. ஹெல்மெட்டில் மாட்டினால் கும்மிருட்டிலும் எல்லாம் பச்சையாகத் தெரியும். அது ஒன்று காணாமல் போனால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. கிடைக்கும்வரை அத்தனை பேரும் வரிசைகட்டிப் புல்லில் நடக்க வேண்டியதுதான்.

போன மே மாதம் அப்படித்தான் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குச் சற்று முன்னால். ஆற்றோரத்துப் பயிற்சி மேட்டில் குளிரும் தூறலுமாக இருந்தது. எல்லோரும் மழைக்கோட்டில் இருந்தோம். வெளியிலிருந்து எங்களுக்கு மதிப்பெண் போட வந்த அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாக நடுவில் நடந்து, தொட்ட ஆளையெல்லாம் காயப்பட்டவர் ஆக்கிக்கொண்டிருந்தார். மூன்று பேரைத் தொட்டார். மூன்றாவது ஆள் ஸ்வோபோடா. “உனக்குத் தொடையில அடி. நினைவு தப்பிடுச்சு” என்றார். அவள் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என்னமாய் நடிக்கிறாள் இந்தப் பெண் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

எங்கள் மருத்துவன் ஒர்டேகா, ஊரில் முடிதிருத்தகம் வைத்திருப்பவன், ஓடிவந்து அவள் தொடையில் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினான். காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் மதிப்புள்ள கருவிகளையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது சார்ஜென்டின் பொறுப்பு. இல்லாவிட்டால் அவர்களோடு அதுவும் மருத்துவமனைக்குப் போய்விடும். எடுத்தேன். மூன்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வயர்லெஸ் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே மேடேறினேன். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கிகளையும் வயர்லெஸ்ஸையும் உரியவர்கள் கையில் திருப்பிக் கொடுத்தேன். ஸ்வோபோடா கொட்டாவி விட்டபடி வாங்கிக்கொண்டாள்.

வெயில் வந்தது. மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். ஒன்பது மணிக்குக் கருவிகளை எண்ணினோம். முப்பத்தொரு துப்பாக்கி சரியாக இருந்தது. இரவுக்கண்ணாடி முப்பதுதான் வந்தது.

“யாரோடது?” என்றேன்.

வரிசையின் கடைசியிலிருந்து ஸ்வோபோடா கையைத் தூக்கினாள். இருபது வயது, நர்ஸ் படிப்பு மூன்றாம் வருடம், லிங்கன் நகரில். ஹெல்மெட்டிலிருந்து பச்சைக் கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் முடிச்சும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“முடிச்சு போட்டியா இல்லையா?”

“போட்டேன் சார்ஜென்ட்.”

“போட்ட முடிச்சு எங்க போச்சு? தானா அவுந்துச்சா? பதினெட்டு வருஷத்துல நான் சொல்லிக்குடுத்த முடிச்சு ஒண்ணு தானா அவுந்து நான் பாத்ததில்ல!”

அவள் கயிற்றின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். எனக்கு அது போதாதா? எல்லோரையும் தார்ப்பாய் விரிக்கச் சொன்னேன். அவரவர் பையை அவரவர் தார்ப்பாயில் கவிழ்க்க வேண்டும். இதுதான் எங்கள் வழக்கம். காலுறை, பல்துலக்கி, பாதி தின்ற சாக்லெட், ஒருவன் பையிலிருந்து அவன் குழந்தையின் பால்புட்டி மூடி. ஸ்வோபோடாவின் தார்ப்பாயில் மருந்தியல் புத்தகமும் மஞ்சள் மையில் கோடிட்ட குறிப்புக் காகிதக் கட்டும். நான் ஒவ்வொன்றாகக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனேன். முப்பத்தொரு தார்ப்பாயையும் பார்த்தேன். கண்ணாடி இல்லை.

என் பையை யாரும் கவிழ்க்கச் சொல்லவில்லை. கவிழ்க்கச் சொல்கிற ஆளே நான்தானே.

அதன் பிறகு தேடல். கைக்கெட்டும் தூரத்தில் ஆளுக்கு ஆள் நின்று, குனிந்து, மெல்ல நடப்பது. மேட்டிலிருந்து ஆற்றுவரை ஒரு முறை, ஆற்றிலிருந்து மேடுவரை ஒரு முறை. காலில் முள், கழுத்தில் உண்ணி. பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர்கள் இரண்டு மணிக்கும் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என் பொண்டாட்டி இன்னைக்கு அவ அம்மா வீட்டு விருந்துன்னு சொல்லியிருந்தா” என்றான் ஒர்டேகா. “ஸ்வோபோடா, நீ பண்ணினது எனக்கு ஒரு விதத்துல உதவிதான்.”

யாரோ சிரித்தார்கள். ஸ்வோபோடா சிரிக்கவில்லை. மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்து, ஏறக்குறைய மண்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கேப்டன் லிண்ட்க்விஸ்ட் என்னைக் கூப்பிட்டார். மற்ற நாட்களில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். கத்தவே மாட்டார், அதனால்தான் அவரைக் கண்டால் பயம்.

“ஆறு மணி வரைக்கும் பாப்போம் குசேரா. கிடைக்கலேன்னா நான் மேல சொல்லியே ஆகணும். அந்தப் பொண்ண ஒரு வாக்குமூலம் எழுதச் சொல்லிடுங்க. கவனக்குறைவுன்னு வரும். அவ பேருக்குக் கொடி விழுந்துடும்.”

கொடி என்றால் பெயருக்கு எதிரே பதிவேட்டில் விழும் குறி. அது விழுந்துவிட்டால் விசாரணை முடியும்வரை எதுவும் நகராது, பதவி உயர்வும் சரி, கல்லூரிக் கட்டணமும் சரி. விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். ஆகஸ்டில் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட வேண்டும். மாநிலம் கட்டாது.

அவளை லாரிக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

“நான் ஒண்ணு சொல்லணும் சார்ஜென்ட். காலைல படுக்க வெச்சாங்கல்ல, அப்ப நான் நடிக்கல. நெசமாவே தூங்கிட்டேன். யாரு தூக்கினா, எப்ப எறக்கினாங்க, ஒண்ணும் தெரியாது. ஒர்டேகா உலுக்கித்தான் முழிச்சேன்.”

“தூங்கினியா? பயிற்சியில?”

“ரெண்டு ராத்திரியா தூங்கல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மருந்தியல் பரீட்சை. கூடாரத்துல டார்ச் வெச்சிப் படிச்சிட்டிருந்தேன்.”

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னேன், எழுதத்தான் வேண்டும்.

“காசு வாங்க மட்டும் ஓடி வர்றீங்க. அரசாங்கம் நம்பிக் குடுத்த ஒரு கண்ணாடியப் பாத்துக்கத் துப்பில்ல. இதுக்கு எதுக்குச் சீருடை? போயி எங்கயாச்சும் காப்பிக் கடையில வேலை பாத்துப் படிக்க வேண்டியதுதானே!”

“பாக்குறேனே” என்றாள். “வாரத்துல நாலு நாள் பாக்குறேன். அது வாடகைக்குத்தான் வருது. அப்பா நிலத்த வித்து மூணு வருஷம் ஆச்சு. இந்தக் காசு நின்னா நான் லிங்கனக் காலி பண்ணிட்டு வந்துட வேண்டியதுதான். இன்னும் ரெண்டே பருவம் சார்ஜென்ட்.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கேப்டனின் வண்டி முன்மூடியில் காகிதத்தை வைத்து எழுதச் சொல்லிவிட்டு, நான் மறுபடி புல்வெளிக்குப் போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு காலத்தில் மாநிலம் கட்டியது. ஒன்றரை வருடம் கட்டியது. நான்தான் வகுப்புக்குப் போகாமல் ஊர்சுற்றித் தொலைத்தேன். பரீட்சைக்காகத் தூக்கத்தை விடுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு நான் யார்? இதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அப்போது தோன்றியது ஒன்றுதான்: அடுத்த மாதம் என் பதவி உயர்வுக்கான நேர்காணல், இந்த நேரம் பார்த்து இவள் இப்படிச் செய்துவிட்டாளே.

நாலரை மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. எல்லோரும் பைகளிடம் ஓடி மழைக்கோட்டை உருவினார்கள். நானும் என் பையைத் திறந்து, அடியில் கிடந்த கோட்டை இழுத்து உதறி, ஒரு கையை நுழைத்தேன். வலது பக்கம் கனத்தது.

கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ரப்பர் விளிம்பு. குளிர்ந்த கண்ணாடி.

ஒரு நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. தூறல், ஸ்வோபோடாவின் ஹெல்மெட், நான் குனிந்து அந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தது. தோளில் மூன்று துப்பாக்கி ஏற வேண்டியிருந்ததால் கண்ணாடியைக் கோட்டுப் பைக்குள் போட்டது. விதிப்படி எடுத்தேன், விதிப்படி திருப்பிக் கொடுக்கத்தான் மறந்துவிட்டேன். கோட்டுப் பையோடு அதைக் கயிற்றால் கட்டக்கூட இல்லை. நான்! கயிறு குசேரா!

ஏழரை மணி நேரம் முப்பத்தொரு பேரைப் புல்லில் மேய விட்டிருக்கிறேன்.

முதலில் வந்தது நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன், பக்கத்திலிருந்த மரத்தில் சாய்ந்துகொண்டேன். தொலையவில்லை! யாரும் எடுத்துப் போகவில்லை, ஆற்றில் விழவில்லை. கிடைத்துவிட்டது, அதுவே பெரிசு.

இரண்டாவதாக வந்தது புத்தி. கெட்ட புத்தி. என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்வோபோடாவைத் தூக்கிக்கொண்டு போன வழி எனக்குப் பத்தடி தூரத்தில்தான். அந்தப் புல்லில் மெல்ல நழுவ விட்டால் போதும். பத்து நிமிடத்தில் ஒர்டேகா கூவுவான், எல்லோரும் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போகலாம். என் நேர்காணல் அப்படியே இருக்கும்.

நாலு எட்டு நடந்தேன். பைக்குள் விரல் அதைப் பிடித்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் கேப்டனின் வண்டி தெரிந்தது. முன்மூடி மழையில் நனைவதால் ஸ்வோபோடா காகிதத்தோடு கதவோரம் ஒதுங்கி, தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா எழுதவில்லை போலிருக்கிறது, உதறி உதறி எழுதினாள். கண்ணாடி புல்லில் கிடைத்தால் அந்தக் காகிதம் பொய்யாகாது. தூங்கினாள், முடிச்சுப் போடவில்லை, தொலைத்தாள், மற்றவர்கள் கண்டெடுத்தார்கள். கொடி விழத்தான் செய்யும்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. நேராக வண்டியை நோக்கி நடந்தேன்.

“எழுதறத நிறுத்து” என்றேன்.

“முடிச்சிட்டேன் சார்ஜென்ட். தூங்கினதையும் எழுதிட்டேன்.”

வாங்கிப் பார்த்தேன். ஈரத்தில் மை பரவியிருந்தது. ‘நான் தூங்கிவிட்டேன். முடிச்சைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கிறேன். தவறு என்னுடையது.’ போடாமல் விட்டதாக அவளே நம்பிவிட்டாள். நான் கத்திய கத்தலில் தான் போட்ட முடிச்சு அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

காகிதத்தை நாலாகக் கிழித்தேன். கண்ணாடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“ஒன் முடிச்சு சரியாத்தான் இருந்துச்சு. அவுத்தது நான். என் கோட்டுப் பையிலதான் இருந்துச்சு, காலைலேருந்து.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைத் திருப்பி அடியிலிருந்த எண்ணைப் படித்தாள். அவளுடையதுதான். அப்படியே வண்டிச் சக்கரத்தோரம் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது. கூடவே சிரிப்பும்.

கேப்டன் வண்டி ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தார். சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் வைப்பரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உங்க பையக் கவுக்கலையா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“நான் சார்ஜென்ட் சார்.”

“என் வகுப்புல இப்படி ஒரு பதில் வந்தா என்ன மார்க் போடுவேன்னு யோசிக்கிறேன்” என்றார். “எல்லாரையும் வரிசைல நிக்கச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.”

மழையில் முப்பத்தொரு பேரும் நின்றார்கள். முன்னால் நின்று சொன்னேன். ஒர்டேகாதான் சிரிப்பை ஆரம்பித்து வைத்தான். அவன் சிரித்துக் குனிய, அடுத்தவன் அவன் முதுகைப் பிடித்துக்கொள்ள, வரிசையே குலைந்தது. ஏழரை மணி நேரக் களைப்பும் அந்தச் சிரிப்பில் போனது. என்னையும் பிடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போலவும் இருந்தது.

“கோலாச்! ஆளுக்கு மூணு!” என்று கத்தினான் ஒர்டேகா. எங்கள் பிரிவில் யாரால் வீட்டுக்குப் போகத் தாமதமாகிறதோ, அவர் அடுத்த மாதம் எல்லோருக்கும் கோலாச் கொண்டுவர வேண்டும். பழமோ கசகசாவோ வைத்துச் சுடும் பன். செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் பாட்டன்மார்கள் கொண்டுவந்த பண்டம்.

“கசகசா வெச்சது வேணும் சார்ஜென்ட்!”

“எனக்கு ஆப்ரிகாட்!”

“வாய மூடிட்டு வண்டில ஏறுங்கடா” என்றேன்.

ஸ்வோபோடா கடைசியாக வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

“சார்ஜென்ட், நான் தூங்கிக்கிட்டே தொலைச்சிட்டேன்னு காலைலேருந்து செத்துக்கிட்டிருக்கேன். நீங்க முழிச்சிக்கிட்டே தொலைச்சிருக்கீங்க.”

“போதும். கெளம்பு. எத்தனை மணி நேரம் ஓட்டணும்?”

“ரெண்டரை.”

“நீ ஓட்ட வேண்டாம். ரெண்டு நாளாத் தூங்காத ஆளு கையில ஸ்டியரிங்க யாரு குடுப்பா? சாவியக் குடு. பின் சீட்ல படுத்துத் தூங்கு. ஒர்டேகா என் வண்டில பின்னால வருவான், நாங்க அதுல திரும்பிடுவோம்.”

“மாமியா வீட்டு விருந்துக்குப் போகாம இருக்கத்தானே கூப்பிடுறீங்க? வர்றேன்” என்றான் ஒர்டேகா.

ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே அவள் தூங்கிப்போனாள். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. வைப்பர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, உழுத வயல்களைப் பார்த்துக்கொண்டு, படிப்பைத் தொலைத்துவிட்டு ஒரு காலத்தில் நான் விட்டுவந்த அதே லிங்கனுக்குள் வண்டியை மெதுவாக ஓட்டினேன். விடுதி வாசலில் எழுப்பியபோது மணி எட்டு ஆகவில்லை. படிக்க இன்னும் நேரமிருந்தது.

அந்த நேர்காணலுக்கு என்னைக் கூப்பிடவில்லை. என் பதிவேட்டில் ஒரு கண்டனக் கடிதம் சேர்ந்தது. வேறொருவர் போனார், நல்ல ஆள்தான். நான் நினைத்த அளவுக்கு எனக்கு அது வலிக்கவில்லை.

ஜூன் மாதம் பெட்டி பெட்டியாகக் கோலாச்சோடு போனேன். ஒர்டேகா கசகசா வைத்ததை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டான். ஸ்வோபோடா பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அவள் பெயருக்கு எதிரே கொடி கிடையாது, ஆகஸ்ட் கட்டணத்துக்கு மாநிலத்தின் கடிதம் வந்துவிட்டது. அதை மடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன்.

அன்று முதல் வேலை பை சோதனை. எல்லோரும் தார்ப்பாய் விரித்துக் காத்திருந்தார்கள். நான் முன்னால் போய் என் தார்ப்பாயை விரித்து, என் பையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். காலுறை, சவரக்கத்தி, சுருட்டிய மழைக்கோட்டு.

ஸ்வோபோடா வரிசையிலிருந்து வந்து மழைக்கோட்டை எடுத்தாள். வலது பக்கப் பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒன்றுமில்லை. அப்புறம் தன் சட்டையிலிருந்து ஒரு முழம் பச்சைக் கயிற்றை உருவி, கோட்டின் பித்தான் ஓட்டையில் கோத்து, மறுமுனையை என் இடுப்புப் பட்டையில் கட்டினாள். நான் சொல்லிக்கொடுத்த முடிச்சுதான். இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.